அடிக்கு ஒரு நூல்: போர்க்கப்பல் மாடல் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, கிட் எதுவும் வாங்காம வெறும் பிளானும் மரமும் வெச்சு பழைய போர்க்கப்பல் மாடலை நாமளே செய்யலாம்னு நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர்னு எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி வந்து குவிஞ்சிருக்குது, அதனால இந்த மாசம் வேற எதையும் எடுக்கலீங்க, முழுப் பக்கமும் கப்பலுக்குத்தான்.

கடலே இல்லாத ஊர்ல உக்காந்துட்டு கப்பல் செய்யறேன்னா வீட்ல சிரிக்கறாங்கண்ணா. நமக்கும் கப்பலுக்கும் என்னங்க சம்பந்தம்?
*வாசகர், பல்லடம்*

சிரிக்கறவங்ககிட்ட வ.உ.சி. செக்கிழுத்தது எந்த ஊரு ஜெயில்லன்னு கேளுங்க தம்பி. 1906-ல சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓட்டின மனுசரை 1908-ல தண்டிச்சு கொண்டாந்து அடைச்சது நம்ம கோயமுத்தூர் ஜெயில்லதான். அது பயணிகள் கப்பல், போர்க்கப்பல் இல்ல, ஆனா கப்பல்னாலே நமக்கு ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு அது ஒண்ணே போதும்.

இன்னொண்ணு மரம். டாப்ஸ்லிப்புங்கற பேரே மலை மேல வெட்டின தேக்கை சரிவுல கீழ நழுவ விட்டதால வந்த பேருதான். 1800-கள்ல ஆனைமலைத் தேக்கு பம்பாய் கப்பல் தளத்துக்குப் போயிருக்குது. அந்த பம்பாய்ல வாடியா குடும்பத்துக்காரங்க பிரிட்டிஷ் கடற்படைக்காக மலபார் தேக்குல கட்டின ‘டிரிங்கோமலி’ங்கற போர்க்கப்பல் 1817-ல தண்ணியில எறங்குச்சு, இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல் ஊர்ல மெதந்துட்டு நிக்குது. ஓக் மரத்துல கட்டின எத்தனையோ கப்பல் இத்துப்போய் ஒடச்சாச்சு, நம்ம பக்கத்து தேக்கு நிக்குது.

அப்புறம் மாடல் செய்யறவனுக்கு என்னென்ன வேணும்னு பாருங்க, லேத்து வேணும், நல்ல நூல் வேணும், நகைப் பட்டறை வேணும், மரத்துல அச்சு செய்யத் தெரிஞ்ச ஆளு வேணும். இந்த நாலும் ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள்ள இருக்கற ஊரு எத்தனை இருக்குது சொல்லுங்க?

லேத்து பட்டறையில வேலை செய்யறேன் சார். முதல் கப்பலா எதை எடுக்கலாம், எங்கிருந்து ஆரம்பிக்கறது? விக்டரி செய்யணும்னு ஆசை.
*வாசகர், பீளமேடு*

ஆசை நல்லதுதான், ஆனா விக்டரி இப்ப வேண்டாங்க. 1805-ல டிரஃபால்கர் கடற்சண்டையில பிரிட்டிஷ் தளபதி நெல்சன் நின்ன கப்பல், 104 பீரங்கி, மூணு பாய்மரம், அதுல கட்டற கயிறுக்கே பாதி வருசம் போயிரும், பாதியில விட்டுட்டா அப்புறம் அந்தப் பக்கமே திரும்பத் தோணாது. முதல் கப்பலுக்கு நான் சொல்றது எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல குண்டு போட்டு பர்மா ஆயில் கம்பெனி டேங்க்கை எரிய விட்ட அதே ஜெர்மன் கப்பல். இரும்பு உடம்பு, பாய்க்கயிறு தொல்லை இல்ல, மூணு பொகைக்கூண்டு, பத்து பீரங்கி, போட்டோவும் நெறைய இருக்குது.

ஆரம்பம் மரத்துல இல்லீங்க, பேப்பர்ல. பிளான் தேடறப்போ மூணு படம் சேந்து இருக்குதான்னு பாருங்க: பக்கவாட்டுல ஒண்ணு, மேல இருந்து பாத்த மாதிரி ஒண்ணு, முக்கியமா குறுக்குவெட்டு ஒண்ணு. கப்பலோட வயிறு எந்த எடத்துல எவ்வளவு உருண்டு வருதுன்னு அந்த குறுக்குவெட்டு கோடுதான் சொல்லும். அது இல்லாத பிளான் வெறும் படம், சுவத்துல மாட்டிக்கலாம், வேலைக்கு ஆகாது.

அடுத்தது ஸ்கேல். எம்டனோட நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். 200-ல ஒரு பங்குன்னு எடுத்தா 59 சென்டிமீட்டரும் 6.75 சென்டிமீட்டரும் வரும், வீட்ல ஷோகேஸ் மேல வெக்கற அளவு. பிளான் 350-ல ஒரு பங்குல கெடைச்சிருந்தா 350-ஐ 200-ஆல வகுத்தா 1.75, அதாவது பிரிண்ட் அளவை 175 சதவீதம்னு வெச்சு, பிளாட்டர் (பெரிய பேப்பர்ல பிரிண்ட் போடற மெஷின்) வெச்சிருக்கற கடையில எடுங்க. எடுத்ததும் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியா அளந்து பாருங்க, சில மெஷின் ஒரு பக்கமா இழுத்துரும், கண்ணுக்குத் தெரியாது, ரெண்டு பக்கத்தையும் ஒட்டறப்போதான் தெரியும்.

உடம்புக்கு அடுக்குப் பலகை முறைதான் லேசு. 200 ஸ்கேல்ல நெஜக் கப்பலோட ஒரு மீட்டர் ஒசரம் நமக்கு 5 மில்லி, அதனால 5 மில்லி குமிழ்ப் பலகையா அறுத்து வாங்கிக்கங்க, ஒவ்வொரு பலகையும் ஒரு மீட்டர். அடியில இருந்து ஒவ்வொரு மீட்டர் ஒசரத்துலயும் கப்பல் எவ்வளவு அகலம்னு குறுக்குவெட்டுல இருந்து எடுத்து, அந்தந்த பலகை மேல வரைஞ்சு அறுத்துக்கணும். அறுக்கறதுக்கு முன்னாடியே எல்லாப் பலகைக்கும் ஒரே எடத்துல ரெண்டு ஓட்டை போட்டு மூங்கில் குச்சி சொருகிருங்க, ஒட்டறப்போ ஒண்ணு மேல ஒண்ணு நழுவாது. ஃபெவிகால் தடவி, வெயிட் வெச்சு, ஒரு ராத்திரி விட்டுருங்க. காலையில பாத்தா படிக்கட்டு படிக்கட்டா ஒரு கப்பல் இருக்கும். இனி உளி, அரம், உப்புத்தாள். பலகையும் பலகையும் சேர்ற அந்த பசைக்கோடு இருக்குது பாருங்க, அதுதான் வழிகாட்டி, படியோட வெளிமூலையைத்தான் எடுக்கணும், உள்மூலையில தெரியற கோட்டைத் தொட்டதும் கை நிக்கணும். அட்டையில குறுக்குவெட்டை வெட்டி வெச்சு பத்து எடத்துலயாவது பொருத்திப் பாத்துட்டே போங்க.

இப்ப பீரங்கிக்கு வர்றேன், நீங்க லேத்துக்காரருங்கறதால இது உங்களுக்குப் பிடிக்கும். எம்டன் பீரங்கியோட வாய் 10.5 சென்டிமீட்டர், குழலோட நீளம் அதைப்போல 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். நமக்கு 21 மில்லி நீளம், ஓட்டை 0.525 மில்லி. அந்த ஓட்டையை பித்தளையில போடறது பெரிய ரோதனை. மெடிக்கல் ஷாப்புல 21 கேஜ் ஊசி கேளுங்க, பச்சை மூடி இருக்கும், அதோட உள்ளளவு 0.51 மில்லி, வெளியளவு 0.8 மில்லி. நூலிழை வித்தியாசம் கூட இல்லீங்க! புது ஊசியா வாங்கி, முக்கோண அரத்துல சுத்தி வரி போட்டு அறுங்க, ஒடைச்சா வாய் நசுங்கிரும். பின்பக்கம் தடிமனா வர்றதுக்கு பேப்பர் பட்டையை பசை தடவி ரெண்டு மூணு சுத்து சுத்திக்கலாம், இல்லாட்டி உங்க லேத்துல ஒரு சின்ன பித்தளை குழாய் கடைஞ்சு மாட்டிருங்க.

பத்து பீரங்கியும் நடுவுல வரிசையா நிக்காது, முன்னாடி ரெண்டு பக்கத்துல பக்கத்துல, பின்னாடி அதே மாதிரி ரெண்டு, நடுவுல இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணு. அதனாலதான் ஒரே பக்கமா சுட்டா அஞ்சுதான் சுட முடிஞ்சுது. இதைத் தெரிஞ்சுட்டு வெச்சா, பாக்க வர்றவங்களுக்கு சண்டையவே வெளக்கிச் சொல்லிரலாம்.

நாப்பது வருசம் பவுண்டரிக்கு பேட்டர்ன் செஞ்சு ரிட்டயர்டு ஆனவன் தம்பி. என்கிட்ட இருக்கற சுருக்க ஸ்கேல்லயே கப்பலுக்கும் அளவு எடுக்கலாமா?
*வாசகர், கணபதி*

ஐயா, உங்க கடிதத்தைப் பாத்துதான் இந்த மாசத் தலைப்பே வெச்சேன். மத்த வாசகருங்களுக்காக ஒரு வரி: உருக்கின இரும்பு ஆறும்போது சுருங்கும், அதனால பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மர அச்சு, செய்யறவங்க ஒரு அடிக்கு ஒரு நூல் சேத்தே அளப்பாங்க, அதுக்குன்னு தனி ஸ்கேலே இருக்குது. ஒரு நூல்ங்கறது அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு.

அந்த ஸ்கேலைக் கப்பல் உடம்புக்கு எடுக்காதீங்க. 59 சென்டிமீட்டர்ல 6 மில்லி கூடிரும். எல்லாத்தையும் அதுலயே அளந்தா கப்பல் கொஞ்சம் பெருசாகும், அவ்வளவுதான், ஆனா பிளான் சாதா ஸ்கேல்ல பிரிண்ட் ஆகி, பீரங்கி சாதா ஸ்கேல்ல வந்து, உடம்பு மட்டும் சுருக்க ஸ்கேல்னா எதுவும் எதுலயும் உக்காராது.

ஆனா மர போர்க்கப்பலுக்கு வந்தா உங்க கை பழகின கணக்கு அப்படியே உதவும். உலகம் பூரா பாய்மரக் கப்பல் மாடலுக்கு பிரபலமான ஸ்கேல் 96-ல ஒண்ணு. 96 எப்படி வந்துச்சுன்னு பாருங்க, அடிக்கு 12 அங்குலம், அங்குலத்துக்கு 8 நூல், பெருக்கினா 96. அடிக்கு ஒரு நூல்! 48-ல ஒண்ணுன்னா அடிக்கு ரெண்டு நூல். கால்குலேட்டரே வேண்டாம். விக்டரி மொத்த நீளம் 227 அடி 6 அங்குலம், அப்ப 227½ நூல், எட்டால வகுத்தா ஏறக்குறைய 28½ அங்குலம். நடுப் பாய்மரம் தண்ணியில இருந்து 205 அடி, 205 நூல். பழைய பிரிட்டிஷ் கப்பல் பிளானெல்லாம் அடி அங்குலத்துலதான் இருக்கும், மில்லிமீட்டர்ல பழகின பசங்க அங்க தடுமாறுவாங்க, நீங்க படிச்சுட்டே போயிருவீங்க.

இன்னொண்ணு, ரெண்டு பாதியா பேட்டர்ன் செஞ்சு நடுவுல குச்சி வெச்சு பொருத்துவீங்கல்ல, கப்பல் உடம்பையும் நீளவாக்குல ரெண்டு பாதியா செஞ்சு அதே மாதிரி பொருத்தலாம். நடுக்கோடு கடைசி வரைக்கும் நேரா நிக்கும், இடது பாதியையும் வலது பாதியையும் ஒரே அட்டையைத் திருப்பி வெச்சு சரி பாத்துக்கலாம். அடுக்குப் பலகைய விட எனக்கு இதுதான் சுத்தமான வேலைன்னு தோணுது.

சுருக்கக் கணக்கு வேணுங்கறது பீரங்கி வார்க்கறப்போ. விக்டரியில கீழ்த்தளத்துல 32 பவுண்டர் (32 பவுண்டு எடைக் குண்டு போடற பீரங்கி) 30, நடுத்தளத்துல 24 பவுண்டர் 28, மேல்தளத்துல 12 பவுண்டர் 30 இருக்குது. ஒவ்வொண்ணையும் கடைய முடியாது. வகைக்கு ஒண்ணு பித்தளையில சுத்தமா கடைஞ்சு நகை வார்ப்புப் பட்டறையில குடுத்தா, ரப்பர் அச்சு எடுத்து, மெழுகு ஊத்தி, மோதிரம் வார்க்கற மாதிரியே ஒரு கொத்துல எத்தனையோ வார்த்துக் குடுத்துருவாங்க. பித்தளை நூத்துக்கு ஒண்ணரை கிட்ட சுருங்கும், மெழுகும் கொஞ்சம் சுருங்கும், அதையெல்லாம் சேத்து மூல அச்சை எவ்வளவு பெருசா கடையணும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராஜேந்திர சோழனோட போர்க்கப்பலை அளவு மாறாம செய்யணும். பிளான் எங்க கெடைக்கும்?
*வாசகர், கரூர்*

கெடைக்காதுங்க. இதைச் சொல்றதுக்கு எனக்கும் வருத்தமாத்தான் இருக்குது, ஆனா சுத்தி வளைக்காம சொல்லிரணும். 1025-ல கடாரத்து மேல படை போச்சு, அலைகடல் நடுவுல பல கப்பல் செலுத்தினான்னு மெய்க்கீர்த்தி சொல்லுது, அந்தக் கப்பல் எத்தனை அடி, எத்தனை பாய்மரம், சுக்கான் எங்கன்னு சொல்லல. அந்தக் காலத்துல வரைஞ்ச சோழர் போர்க்கப்பல் படம்னு காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. கடைங்கள்ல, இன்டர்நெட்ல சோழர் கப்பல்னு வர்றதெல்லாம் பிற்காலத்துல யாரோ கற்பனையில வரைஞ்சது, அதுல சிலதை உத்துப் பாத்தீங்கன்னா ஐரோப்பாக்காரன் கப்பல்ல புலிக்கொடி ஏத்தி வெச்சிருப்பாங்க. பின்பக்கம் மாடி மாதிரி அடுக்கடுக்கா ஜன்னல் வெச்சிருந்தா அது 1600, 1700-கள்ல ஐரோப்பாவுல கட்டின பாணி. ராஜேந்திரனுக்கு செய்யற மரியாதை அது இல்லீங்க.

அதுக்காக விட்டுரச் சொல்லல. தெரிஞ்சதுல இருந்து கட்டி எழுப்பலாம். சாதவாகனர் காசுல ரெண்டு பாய்மரக் கப்பல் இருக்குது, அஜந்தா ஓவியத்துல மூணு பாய்மரக் கப்பல் இருக்குது, ஜாவாவுல போரோபுதூர் கோயில் சிற்பத்துல கப்பல் இருக்குது, அது சோழருக்கு முந்தின காலம், எதிர்த்தரப்புக் கடல்ல ஓடின கப்பல் எப்படி இருந்திருக்கும்னு ஒரு யோசனை கெடைக்கும். இந்தியப் பெருங்கடல்ல ஆணி அடிக்காம தென்னங்கயிறுல பலகையைத் தைக்கற பழக்கம் ரொம்பப் பழசு. நம்ம கடற்படையே அஜந்தா படத்தை வெச்சு ‘கவுண்டின்யா’ன்னு ஒரு தையல் கப்பல் கட்டி 2025-ல கார்வாருல சேத்துக்கிட்டாங்க. பிளான் இல்லாததால மொதல்ல சின்ன மாடல் செஞ்சு சென்னை ஐ.ஐ.டி.யில தண்ணியில சோதிச்சுப் பாத்துத்தான் பெருசைக் கட்டினாங்க. கடற்படைக்கே அதுதான் வழின்னா நமக்கும் அதுதான் வழி.

நீங்க செய்யுங்க, ஆனா கீழ வெக்கற பலகையில ‘11-ஆம் நூற்றாண்டுக் கப்பல், யூகம்’னு எழுதி, எந்தப் பகுதியை எதைப் பாத்து செஞ்சீங்கன்னு ரெண்டு வரி போடுங்க. அப்படி எழுதின யூக மாடலுக்கு மதிப்பு எச்சுங்க, ‘அசல் சோழர் கப்பல்’னு எழுதி ஏமாத்தினா அடுத்த தலைமுறை பசங்க அதையே நெஜம்னு நம்பிரும்.

பனியன் கம்பெனியில இருக்கேன் அண்ணா, நூலுக்குப் பஞ்சமில்லை. தைக்கற நூலையே கப்பல் கயிறா கட்டலாங்களா?
*வாசகி, திருப்பூர்*

அம்மிணி, இந்தக் கேள்வியை உங்க ஊர்ல இருந்து யாராவது கேப்பாங்கன்னு காத்துட்டே இருந்தேன்.

மொதல்ல பாலியஸ்டர் வேண்டாம், மினுமினுங்கும், முடிச்சும் சரியா நிக்காது. காட்டன் எடுங்க, கோம்ப்டு நூலா, முடிஞ்சா கேஸ் பண்ணின நூலா, அதாவது நெருப்புல ஓட்டி மேல இருக்கற பிசிறை எரிச்ச நூல். 96 ஸ்கேல்ல ஒரு மில்லி நீளப் பிசிறுன்னா நெஜக் கப்பல்ல நாலு அங்குல முடி கயிறுல தொங்கற மாதிரி. அதுக்குத்தான் கடைசியா தேன்மெழுகுல ஒருக்கா இழுத்து, வெரல்ல உருவி விடறது.

தடிமனைக் கண்ணால முடிவு பண்ணாதீங்க. பேனா மேல ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு இடைவெளி இல்லாம நூலைச் சுத்தி எண்ணுங்க, 25 சுத்து வந்தா நூல் 0.4 மில்லி. அப்புறம் பழைய கப்பல் கணக்குப் புத்தகத்துல 18 அங்குலக் கயிறுன்னு போட்டிருந்தா அது விட்டம் இல்ல, சுத்தளவு. 3.14-ஆல வகுக்கணும், 5.73 அங்குலம் வரும், 96 ஸ்கேல்ல 1.5 மில்லி. விட்டம்னு நெனைச்சு செஞ்சா மூணு மடங்கு தடிச்சு, பாம்பு படுத்த மாதிரி தெரியும்.

அடுத்தது முறுக்கு. இங்கதான் உங்க மில் அறிவு வேணும். கப்பல்ல சாதாரணமா ஓடற மூணு பிரிக் கயிறு வலப்பக்க முறுக்கு, உங்க பாஷையில இசட் ட்விஸ்ட். நங்கூரத்துக்குப் போற பெரிய வடம் அப்படிப்பட்ட மூணு கயிறைச் சேத்து எதிர்ப்பக்கம் முறுக்கினது, எஸ் ட்விஸ்ட். தையல் மெஷின் நூல் கடைசி முறுக்கு இசட்ல முடிஞ்சிருக்கும், அதுல மூணைச் சேத்து முறுக்கினா எஸ்ஸாத்தான் நிக்கும், இசட்டுக்கு முறுக்கினா உள்ள இருக்கறது பிரிஞ்சு பொதபொதன்னு ஆயிரும். அதனால சாதாக் கயிறுக்கு ரெட்டை நூல், அதாவது மில்லுல டபுளிங் பண்ணி எஸ் ட்விஸ்ட்ல வர்ற நூலைக் கேட்டு வாங்குங்க, அதுல மூணு இழையை இசட்டுக்கு முறுக்கினா நெஜக் கயிறே சின்னதாகி வந்த மாதிரி இருக்கும். நங்கூர வடத்துக்கு உங்க தையல் நூலே சரி. நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு இது கண்ணுல படாது, ஆனா தெரிஞ்சவங்க மொதல்ல பாக்கறது இதைத்தான்.

கலரைச் சொல்லிர்றேன். பாய்மரத்தைப் பிடிச்சு நிறுத்தற கயிறு எல்லாம் தார் பூசினது, கறுப்பு இல்லாட்டி அடர் பிரவுன். பாயை ஏத்தி எறக்கற கயிறு வெளிர் பழுப்பு. மாலுமிங்க ஏர்ற ஏணிக் கயிறுல ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 15 அங்குலம்னு வெச்சா நமக்கு 4 மில்லி. ஒரு வெள்ளை அட்டையில 4 மில்லிக்கு ஒரு கோடு போட்டு பின்னாடி செருகி வெச்சுட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு படி கட்டுங்க. இழுத்துக் கட்டாதீங்க, நேரா இருக்கற கயிறு இடுப்பு மாதிரி உள்ள வாங்கிரும்.

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துல பழைய தேக்கு நெலவு, உத்தரம் எல்லாம் கெடக்குது. கப்பல் தேக்குலதானே கட்டினாங்க, அதையே அறுத்து மாடல் செஞ்சுரலாமுங்களா?
*வாசகர், ஆனைமலை*

வேண்டாமுங்க. நெஜக் கப்பலுக்குத் தேக்கு ராஜா, மாடலுக்கு ஆகாது. தேக்கோட ரேகையும் துளையும் பெருசு, 96 ஸ்கேல்ல அந்தத் துளை ஒவ்வொண்ணும் பலகையில விரல் போற ஓட்டை மாதிரி தெரியும். ஐரோப்பாவுல பாக்ஸ்வுட், பேரி மரம்னு ரேகை தெரியாத மரமாத் தேடுவாங்க. நம்ம பக்கம் அதுக்குச் சமமா ரெண்டு இருக்குது. ஒண்ணு மஞ்சக்கடம்பு, மில்லுங்கள்ல பழைய மர பாபின் செய்யறதுக்கு எடுத்த மரம், மஞ்சளா, ரேகை நெருக்கமா, கத்தி வெச்சா வெண்ணெயாட்ட போகும். பழைய பாபின் கெடைச்சா விடாதீங்க, பல வருசம் காஞ்ச மரம். ரெண்டாவது வெட்பாலை. வேலியோரம் நிக்குதேன்னு யாரும் மதிக்கறதில்லை, சென்னப்பட்டணா பொம்மை செய்யறதே அதுலதான். வெள்ளையா, தந்தம் மாதிரி இருக்கும். தளப்பலகைக்கு அதை விட நல்ல மரம் எனக்குத் தெரியாது.

பலகையைப் பிடிக்கற மர ஆணிக்கு மூங்கில். சீவி, நகைப் பட்டறையில கம்பி இழுக்கற தகட்டுல ஓட்டை ஓட்டையா மாத்தி இழுத்துட்டே வந்தா அரை மில்லி குச்சி வரைக்கும் எறக்கிரலாம். உங்க தேக்கைக் கப்பல் நிக்கற பீடத்துக்கு வெச்சுக்கங்க.

எவ்வளவு செலவாகும்? எத்தனை நாளாகும்?
*வாசகர், ஈரோடு*

எம்டனுக்கு மரம், பெயிண்ட், பசை எல்லாம் சேத்தும் ஒரு நல்ல கிட் வாங்கற காசு ஆகாது. ராத்திரி ஒரு மணி நேரம் உக்காந்தா ஒரு வருசம்னு வெச்சுக்கங்க, மர போர்க்கப்பல்னா அவசரமே படாதீங்க.

ஒம்பதாவது படிக்கறேன் அங்கிள். ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு எம்டன் செய்யணும், மரம் அறுக்க வீட்ல விட மாட்டாங்க. அட்டையில செய்யலாமா?
*மாணவி, கோபிசெட்டிபாளையம்*

தாராளமா செய் கண்ணு. தண்ணிக்கு மேல தெரியற பகுதியை மட்டும் செய், அடிப்பகுதி வேண்டாம், நீல சார்ட் மேல ஒட்டினா கடல்ல நிக்கற மாதிரி இருக்கும். 200 ஸ்கேலே வெச்சுக்கோ. தளத்துக்கு தடிச்ச அட்டை, பக்கத்துக்கு சார்ட் பேப்பர், பொகைக்கூண்டுக்கு பேப்பரை பென்சில் மேல உருட்டிக்கோ. அந்த ஸ்கேல்ல ஒரு மாலுமி எட்டரை மில்லி ஒசரம்தான், அப்படி ஒரு ஆளை வெட்டி தளத்து மேல நிறுத்தினா கப்பல் எவ்வளவு பெருசுன்னு பாக்கறவங்களுக்கு ஒடனே புரியும். சாதா ஏ-4 பேப்பரே 0.1 மில்லி இருக்கும், நெஜத்துல 2 சென்டிமீட்டர் தகடு, அதனால சின்ன சின்ன வேலைக்கெல்லாம் பேப்பரே போதும், அட்டை எடுக்காதே. சென்னைக்குப் போனா ஹைகோர்ட் மதில்ல எம்டன் குண்டு விழுந்த எடத்துல கல்வெட்டு இருக்குது, அதை போட்டோ எடுத்துப் பக்கத்துல வெச்சுரு.

எம்டனுக்கு ஒருத்தர் வெள்ளை அடிச்சிருக்காரு, இன்னொருத்தர் சாம்பல் அடிச்சிருக்காரு. எதுங்க சரி?
*வாசகர், உடுமலை*

ரெண்டும் சரி, தேதிதான் வேற. சண்டைக்கு முன்னாடி சீனக் கடல்ல சிங்தாவ் துறைமுகத்துல இருந்தப்போ வெள்ளை உடம்பு, மேல மஞ்சள் கலந்த பழுப்பு. 1914-ல சண்டை வந்ததும் சாம்பல். அதே வருசம் அக்டோபர் 28-ல பினாங்குக்குள்ள நுழையறப்போ பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியணும்னு நாலாவதா ஒரு போலிப் பொகைக்கூண்டு கட்டியிருந்தாங்க. அதனால எந்தக் கப்பல்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, எந்தக் கப்பல், எந்த நாள்னு முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க. வெள்ளை எம்டனுக்கு நாலு பொகைக்கூண்டு வெச்சா அப்படி ஒரு கப்பல் என்னைக்குமே இருந்ததில்லை.

விக்டரிக்கும் இதே கதைதான், பல காலமா பளிச்சுன்னு மஞ்சள் அடிச்சு வெச்சிருந்தாங்க, பழைய பெயிண்ட் அடுக்குகளை ஆராய்ச்சி பண்ணிப் பாத்து 2015-ல வெளிர் ரோஸ் கலந்த நெறத்துக்கு மாத்திட்டாங்க. பழைய மாடலைப் பாத்து கலர் எடுக்காதீங்க. கறுப்பு அடிக்கறப்பவும் முழுக் கறுப்பு வேண்டாம், கொஞ்சம் சாம்பல் கலந்துக்கங்க, தூரத்துல இருந்து பாக்கற நெஜக் கப்பல் அப்படித்தான் வெளிறித் தெரியும்.

மாடல் முடிச்சு கண்ணாடிப் பெட்டியில வெச்சேன். நங்கூரம், சின்ன உருப்படியெல்லாம் ஈயத்துல வார்த்தது, இப்ப வெள்ளையா பொடி பூத்து உதிருது. தளத்துலயும் விரிசல். என்ன பண்றதுங்க?
*வாசகர், மேட்டுப்பாளையம்*

பொடி பூக்கறது ஈயம் அரிக்கறது. புது மரம், எம்.டி.எஃப். பலகை (மரநாரை பசையில அழுத்திச் செஞ்சது) இதுலயெல்லாம் இருந்து லேசா அமில ஆவி வந்துட்டே இருக்கும், காத்து போகாத பெட்டியில அது தங்கி ஈயத்தைத் தின்னுரும். பெரிய மியூசியங்கள்லயே பழைய மாடலுக்கு இந்த நோவு வந்திருக்குது. அந்தப் பொடி வெஷம், வாயால ஊதாதீங்க, மாஸ்க்கும் கையுறையும் போட்டு ஈரத்துணியில ஒத்தி எடுத்து, அந்தத் துணியோடவே கட்டி தூரப் போட்டுருங்க, குழந்தைங்க கிட்ட போக வேண்டாம். அரிச்ச உருப்படியைக் காப்பாத்த முடியாது, கழட்டிட்டு பித்தளையில செஞ்சு மாட்டுங்க. பெட்டியோட அடிப்பலகையை எம்.டி.எஃப்.ல போட்டிருந்தா மாத்திருங்க, பின்பக்கம் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஓட்டை போட்டு மெல்லிசா வலை ஒட்டிருங்க, காத்து ஓடும், தூசி வராது.

விரிசலுக்குக் காரணம் நம்ம சீதோஷ்ணம். சித்திரை வெயில்ல மரம் சுருங்கும், ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஈரத்தோட வர்றப்போ ஊதும். அகலமா ஒரே பலகையா போட்ட தளம் அந்த இழுப்பைத் தாங்காம வெடிக்கும், 2 மில்லி பட்டையா தனித்தனியா ஒட்டின தளம் தாங்கிக்கும். வெடிச்ச தளத்தைப் பிரிக்க வேண்டாம், அதே மரத்துல சீவலா எடுத்து விரிசல்ல சொருகி, ஃபெவிகால் தொட்டு, காஞ்சப்புறம் பிளேடுல மட்டம் பண்ணிருங்க. அதை ஆடியில செய்யாதீங்க, மரம் ஊதி விரிசல் மூடியிருக்கும், பங்குனி சித்திரையில முழுசா வாய் தொறந்திருக்கறப்போ அளவு எடுத்து சொருகுங்க, லேசா நுழையற அளவுக்கு, இறுக்கி அடிக்காம.